அப்பாவுக்கு மெயில், பிள்ளைகளுக்கு வேலி: பழைய கம்ப்யூட்டரோடு ஏழு வாரம்

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பெரியவளின் லாகினில் உட்கார்ந்து கடைசிச் சோதனையை முடித்தேன். தடுக்க வேண்டிய பக்கம் திறக்கவில்லை. பாடத்துக்கு வேண்டிய பக்கம் திறந்தது. அப்பாவின் மெயில் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோல் இருந்தது. இந்த மூன்றும் ஒரே நாளில் சேர்ந்து சரியாக இருக்க, ஆயுத பூஜையில் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருக்கிறது. என் நேரத்தை அதிகம் தின்றவை நான் எடுத்த தவறான முடிவுகள்தான் என்பதால் அவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வீட்டு நிலவரம் இது. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அப்பா அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் நாலாம் வகுப்பு. மூன்று பேருக்கும் ஹாலில் ஒரே டெஸ்க்டாப், 2014-ல் வாங்கியது. நாலாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிவதாக இருந்தது, விண்டோஸ் 11 இந்தப் பிராசஸரை ஏற்காது. புதிதாக ஒன்று வாங்கும் செலவை இந்த வருடம் தாங்க முடியாது. அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது, கூடவே ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட இரண்டு வேலைகளையும் முடிப்பது என்று இறங்கினேன். பிள்ளைகளுக்கு இணையத்தில் ஒரு வேலி, அப்பாவுக்குப் பெரிய திரையில் மெயில்.

திறந்து துடைத்தது

ஆயுத பூஜைக்குத் துடைக்கும்போதே சிபியுவையும் திறந்துவிட்டேன். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பெயிண்ட் பிரஷ், பழைய பல் துலக்கும் பிரஷ், இவ்வளவுதான் கருவிகள். விசிறியின் இறக்கைகளுக்கு இடையில் தூசி பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. பிரஷால் தட்டி எடுத்து, ஹீட் சிங்கைக் கழற்றி, காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன்.

மதர்போர்டில் இருந்த பட்டன் பேட்டரியையும் அப்போதே மாற்றினேன். போன வருடத்தில் இருந்தே கரண்ட் போய் வந்தால் தேதி 2014-க்குப் போய்விடும். தேதி தப்பானால் வெப்சைட்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் சொல்லும், மெயிலும் இறங்காது. இன்டர்நெட்டில்தான் கோளாறு என்று நினைத்து எத்தனையோ தடவை ரவுட்டரை அணைத்துப் போட்டிருக்கிறேன். சிஆர்2032 என்று அச்சடித்த 40 ரூபாய் பேட்டரிதான் மருந்து.

செலவுக் கணக்கு: 240 ஜிபி எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) 1,750 ரூபாய், பழைய டிடிஆர்3 ராம் 4 ஜிபி 450, பேட்டரி 40, சாட்டா கேபிள் 80, தெர்மல் பேஸ்ட் 90. மொத்தம் 2,410 ரூபாய். பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்கவில்லை. கேபிளை மட்டும் கழற்றி உள்ளேயே விட்டுவைத்தேன். எதுவும் விட்டுப்போனால் திரும்பி எடுக்கலாம் என்ற தைரியம் அதனால்தான் வந்தது.

மின்ட் 22 வரிசையில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுத்தேன், பழைய இயந்திரத்துக்கு அது லேசாக இருக்கும் என்று. 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, எஸ்எஸ்டியில் நிறுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முன்பு பவர் பட்டனை அழுத்திவிட்டு காபி போட்டு வரலாம், இப்போது அரை நிமிடத்துக்குள் லாகின் திரை வந்துவிடுகிறது. நான்தான் நிர்வாகி. அப்பாவுக்கு ஒரு சாதாரணக் கணக்கு, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. இருவருக்கும் ஒரே கணக்கு வைத்தது முதல் தவறு. அதன் விளைவு பின்னால் வரும்.

வேலி போட்டதும், அது ஒழுகியதும்

குடும்பங்களுக்கென்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் நடத்தும் டிஎன்எஸ் சேவையை, அதாவது வெப்சைட்டின் பெயருக்கு எண் முகவரி சொல்லும் சேவையைத் தேர்ந்தெடுத்தேன். 1.1.1.3, 1.0.0.3 என்று இரண்டு எண்கள். பணம் கிடையாது, கணக்கு தொடங்கவும் வேண்டாம். பிரவுசர் ஒரு வெப்சைட்டின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும்போது, அது ஆபாசத் தளமோ வைரஸ் தளமோ என்றால் இந்தச் சேவை 0.0.0.0 என்று பதில் தரும். பக்கம் திறக்காது.

ரவுட்டரில் போட்டுவிட்டால் வீட்டில் எல்லாக் கருவிக்கும் சேரும் என்றுதான் முதலில் போனேன். இணைப்பு கொடுத்தவர்கள் தந்த ரவுட்டரில் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் பூட்டியிருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு தடவை போன் செய்தேன், திறந்துவிட முடியாது என்றார்கள். சரி, கம்ப்யூட்டரிலேயே போடுவோம் என்று நெட்வொர்க் அமைப்பில் ஐபிவி4 (இணைய எண் முகவரியின் பழைய முறை) பக்கத்தைத் திறந்து இரண்டு எண்களையும் எழுதிச் சேமித்தேன். சோதித்துப் பார்க்க ஆபாசப் பக்கம் எதையும் தேடிப் போக வேண்டாம். அந்த நிறுவனமே நியூடிட்டி.டெஸ்ட்கேட்டகரி.காம் என்று ஒரு சோதனைப் பெயர் வைத்திருக்கிறது. டெர்மினலில், அதாவது கமாண்ட் அடிக்கும் சாளரத்தில், என்எஸ்லுக்அப் கமாண்டுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தேன், 0.0.0.0 வந்தது. வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்த பிறகு வேறு காரியமாக அதே கமாண்டைக் கொடுத்தேன். உண்மையான முகவரி வந்தது. அணைத்துப் போட்டால் தடுக்கிறது, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் விடுகிறது. அன்று இரவு பதினொன்றரை வரை பிடிபடவில்லை.

ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கமாண்டைக் கொடுத்ததும்தான் விளங்கியது. கம்ப்யூட்டர் உண்மையில் எந்தெந்த டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கிறது என்று அது பட்டியல் போட்டுக் காட்டும். நான் எழுதிய இரண்டோடு ரவுட்டர் தானாகக் கொடுத்த எண்ணும் அதில் இருந்தது, ரவுட்டரின் ஐபிவி6 (எண் முகவரியின் புதிய முறை) முகவரியும் இருந்தது. ஐபிவி4 பக்கத்தில் முறை 'தானியங்கி' என்றே இருந்ததால் நான் எழுதியவை கூடுதலாகத்தான் சேர்ந்தனவே தவிர, பழையதை நீக்கவில்லை. ஐபிவி6 பக்கத்தை நான் திறந்தே பார்க்கவில்லை. முன்வாசலை அரைகுறையாகச் சாத்திவிட்டு, கொல்லைப்புறத்தைத் திறந்தே போட்டிருக்கிறேன்.

சரிசெய்த விதம்: இரண்டு பக்கங்களிலும் முறையை 'தானியங்கி, முகவரிகள் மட்டும்' என்று மாற்றினேன். ஐபிவி4-ல் பழைய இரண்டு எண்கள். ஐபிவி6-ல் 2606:4700:4700::1113, அடுத்து 2606:4700:4700::1003. இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்து, ஸ்டேட்டஸ் கமாண்டில் இந்த நான்கைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் எழுந்தேன். இன்றைக்கு வீட்டு இணைப்புகள் பலவற்றில் ஐபிவி6 தானாகவே வந்துவிடுகிறது. டிஎன்எஸ் மாற்றுபவர்கள் அந்தப் பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள்.

போன்களுக்கு இது பொருந்தாது. ஆண்ட்ராய்டு 9-ல் இருந்து எல்லாப் போன்களிலும் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் ஃபேமிலி.கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ்.காம் என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தால் போதும். வீட்டில் மூன்று போன்களிலும் ஐந்து நிமிடத்தில் போட்டேன்.

பாவாடை தாவணி

பள்ளிக் கலைவிழாவுக்கு பாவாடை தாவணியில் என்ன நிறம் எடுக்கலாம் என்று பெரியவள் படம் தேடினாள். நான் பக்கத்தில்தான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரையில் வந்த படங்களில் பாதி, எந்தப் பெண் குழந்தையும் பார்க்கக் கூடாதவை. அவள் முகம் சுருங்கி உடனே மூடிவிட்டாள். எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. அவள் தேடியது நம் வீட்டுப் பெண்கள் உடுத்தும் உடையைத்தானே.

டிஎன்எஸ் ஏன் இதைத் தடுக்கவில்லை என்றால், தேடலில் வரும் சிறு படங்கள் தேடுபொறியின் சொந்த முகவரிகளில் இருந்தே வருகின்றன. தளத்தின் பெயரை வைத்துத் தடுக்கும் முறைக்கு அவை தெரியாது. அதற்குத் தேடுபொறியின் பாதுகாப்பான தேடலைக் கட்டாயமாக்க வேண்டும். கூகுள் இதற்கென்று 216.239.38.120 என்ற முகவரியை வைத்திருக்கிறது. டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கம்ப்யூட்டர் பார்க்கும் முகவரிப் பட்டியல்தான் இடிசி கோப்புறையில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பு. அதைத் திறந்து, கூகுள்.காம், கூகுள்.கோ.இன் இரண்டையும், முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்து, இந்த எண்ணுக்கு நேராக எழுதினேன். நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் அந்தக் கோப்பை மாற்ற முடியாது. மற்ற தேடுபொறிகள் மூன்றை 0.0.0.0 என்று எழுதி மூடிவிட்டேன்.

யூடியூபுக்கும் இதே வழிதான். அங்கே இரண்டு நிலை உண்டு: 216.239.38.120 கடுமையானது, 216.239.38.119 மிதமானது. பயத்தில் முதலில் கடுமையானதைப் போட்டேன். பள்ளியில் பார்க்கச் சொன்ன பாட வீடியோக்கள் சிலவும் காணாமல் போயின. ஒரு வாரம் கழித்து மிதமானதற்கு மாற்றினேன், அவை திரும்ப வந்தன. இரண்டு நிலையிலும் கமெண்ட் பகுதி தெரியாது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

மாற்றியதும் அதே 'பாவாடை தாவணி'யை நானே தேடிப் பார்த்தேன். துணிக்கடைப் படங்களும், பொங்கல் கோலத்தின் பக்கத்தில் நிற்கும் பெண் பிள்ளைகளும்தான் வந்தார்கள்.

மகள் கண்டுபிடித்த ஓட்டை

அக்டோபர் நடுவில் ஒரு சாயங்காலம் பெரியவள் வந்து நின்றாள். "அம்மா, நீ போட்ட பூட்டு ஒரே க்ளிக்ல திறந்துருச்சு. சொல்லணுமேன்னு வந்தேன்" என்றாள்.

நடந்தது இதுதான். எட்டாம் வகுப்பு அறிவியலில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அதற்காக மருத்துவத் தகவல் தளம் ஒன்றைத் திறந்திருக்கிறாள். அது நல்ல தளம்தான், ஆனால் வடிகட்டியில் மாட்டிக்கொண்டது. வகுப்புத் தோழி சொன்ன யோசனைப்படி ஃபயர்பாக்ஸ் அமைப்புகளுக்குப் போய் 'டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்' என்பதில் உச்ச நிலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அப்படிச் செய்தால் பிரவுசர் கம்ப்யூட்டரின் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் தானே வெளியே ஒரு சர்வரிடம் கேட்டுக்கொள்ளும். நான் பார்த்துப் பார்த்துப் போட்ட நான்கு எண்களும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தளம் திறந்துவிட்டது. அதனோடு மற்ற எல்லாமும்தான்.

அவள் மறைக்காமல் வந்து சொன்னதற்குத் தட்டிக்கொடுத்தேன். பாடத்துக்கு வேண்டியதை நான் மூடிவைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அப்புறம் இருவரும் சேர்ந்தே அடைத்தோம்.

ஃபயர்பாக்ஸுக்கு ஒரு கொள்கைக் கோப்பு வைக்கலாம். இடிசி கோப்புறைக்குள் ஃபயர்பாக்ஸ், அதற்குள் பாலிசீஸ் என்று கோப்புறை உண்டாக்கி, பாலிசீஸ்.ஜேசன் என்ற பெயரில் எழுத வேண்டும். நாங்கள் எழுதியவை நான்கு விதிகள்: டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் அணைத்துப் பூட்டப்பட்டது, தனிப்பட்ட சாளரம் கிடையாது, உள் அமைப்புப் பக்கத்துக்குப் போக முடியாது, நீட்சிகளை (பிரவுசரில் சேர்க்கும் துணைக் கருவிகள்) நிறுவ அனுமதி இல்லை. கடைசி விதி முக்கியம். இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் இலவச விபிஎன் நீட்சி ஒன்றைச் சேர்த்துவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

கோப்பை வைத்து பிரவுசரைத் திறந்தால் எதுவும் மாறவில்லை. முக்கால் மணி நேரம் கோப்புறையின் பெயரைத்தான் சந்தேகப்பட்டேன். முகவரிப் பட்டையில் அபவுட் போட்டு, முக்காற்புள்ளிக்குப் பின் பாலிசீஸ் என்று அடித்தால் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று ஃபயர்பாக்ஸே காட்டும். விதி தப்பாக இருந்தால் பிழையையும் அங்கேயே சொல்லும். கடைசி விதிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி மிச்சம் இருந்தது. அதை எடுத்ததும் நான்கு விதிகளும் பட்டியலில் வந்தன. அதைக் கண்டுபிடித்தவளும் பெரியவள்தான்.

அந்த மருத்துவத் தளத்தைத் திறந்துவிடுவதுதான் சிக்கல். 1.1.1.3 சேவையில் 'இதை மட்டும் விடு' என்று சொல்ல இடமே இல்லை. என் போனில் பிரைவேட் டிஎன்எஸ்ஸை அணைத்து, அந்தத் தளத்தின் எண் முகவரியைக் கண்டுபிடித்து, ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதினேன். திறந்தது. பத்து நாளில் அந்தத் தளத்தின் எண் மாறிவிட, மறுபடி திறக்கவில்லை. மறுபடி எழுதினேன். இது நிலையான வழி இல்லை என்று தெரிந்தேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் ஒன்றை உறுதியாகக் கற்றுக்கொண்டேன். அதுவரை எல்லாச் சோதனையையும் என் லாகினில், டெர்மினலில் செய்துகொண்டிருந்தேன். பிள்ளைகள் டெர்மினலில் உட்காருவதில்லை, பிரவுசரில் உட்காருகிறார்கள். இப்போது எதை மாற்றினாலும் அவர்கள் லாகினுக்குள் போய், அவர்கள் சொடுக்கும் இடங்களையெல்லாம் நானும் சொடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் முடிக்கிறேன்.

நேரக் கட்டுப்பாட்டுக்கு டைம்கேபிஆர் நெக்ஸ்ட் என்ற மென்பொருள். மின்ட் களஞ்சியத்திலேயே இருக்கிறது. பள்ளி நாளில் ஒரு மணி நேரம், சனி ஞாயிறு இரண்டரை மணி, இரவு எட்டரைக்கு மேல் கிடையாது. நேரம் முடிந்ததும் செஷனை முடித்துவிடுவதுதான் அதன் இயல்பான நடத்தை. அதை மாற்றாமல் விட்டேன். பெரியவள் பாதி தட்டச்சு செய்திருந்த அறிவியல் செயல்திட்டம் சேமிக்காமலே போய்விட்டது, அன்று அவள் அழுதாள். இப்போது 'திரையைப் பூட்டு' என்று மாற்றியிருக்கிறேன். வேலை அப்படியே நிற்கும், மறுநாள் தொடரலாம். தம்பி விளையாட்டிலேயே ஒரு மணி நேரத்தையும் கரைத்துவிட்டால் அக்காவுக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதால் கணக்கையும் இரண்டாகப் பிரித்தேன்.

அப்பாவின் லெட்டர்கள்

மெயில் வேலை அக்டோபர் 5 ஞாயிறு அன்றே செய்தது. அப்பாவுக்கு 20 வருடத்துக்கு மேலாக ஒரே மெயில் கணக்கு. தந்தி ஆபீஸ் நண்பர்கள், ஓய்வூதியர் சங்கச் சுற்றறிக்கைகள், துபாயில் இருக்கும் தம்பியின் கடிதங்கள் எல்லாம் அதில்தான். மெயிலை 'லெட்டர்' என்றுதான் சொல்வார். போனில் எழுத்து சின்னதாக இருப்பதால் பெரிய திரையில் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருள் மின்டிலேயே வருகிறது. பெயர், முகவரி, கடவுச்சொல் கொடுத்ததும் ஐமேப், பாப்3 என்று இரண்டு வழிகளைக் காட்டியது. ஐமேப்பில் கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும், எல்லாக் கருவியிலும் ஒன்றுபோல் தெரியும்; பாப்3 அவற்றைக் கம்ப்யூட்டருக்கு இறக்கும். நான் பாப்3-ஐத் தேர்ந்தெடுத்தேன். மெயில் எல்லாம் நம் கம்ப்யூட்டருக்கே இறங்கிவிடும், இணையம் இல்லாவிட்டாலும் படிக்கலாம், கையில் ஒரு நகல் இருக்கும் என்று நினைத்தேன். 1,140 கடிதங்கள் இறங்கின. எழுத்து அளவை 20 ஆக்கினேன். தமிழுக்கென்று தனியாக எழுத்துரு தேர்ந்தெடுக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, நோட்டோ சான்ஸ் தமிழ் வைத்தேன். அப்பாவுக்கு ரொம்ப மகிழ்ச்சி.

அக்டோபர் 19, தீபாவளிக்கு முந்தின இரவு. முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். அப்பா போனை நீட்டினார். "என்னம்மா, என் லெட்டர் எல்லாம் எங்க போச்சு?" போனில் இன்பாக்ஸ் காலி.

யாரோ கணக்கைத் திருடிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையில் மாவோடு ஓடிப்போய் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றினேன். வேறு யாராவது நுழைந்த தடம் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. அனுப்பிய கடிதங்கள் இருக்கும் பெட்டியைத் திறந்தேன். அவை அத்தனையும் பத்திரமாக இருந்தன. இன்பாக்ஸ் மட்டும் துடைத்த மாதிரி. திருடன் ஒரு பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போவானா என்று அங்கே யோசிக்கத் தொடங்கினேன். கம்ப்யூட்டரைத் திறந்தால் தண்டர்பேர்டில் 1,140 கடிதங்களும் அதற்குப் பிறகு வந்தவையும் இருந்தன.

பாப்3 இன்பாக்ஸை மட்டும்தான் இறக்கும். இறக்கிய பிறகு சர்வரில் நகலை வைத்திருக்க வேண்டுமா என்பது தனி அமைப்பு. அதில் 'சர்வரில் விட்டுவை' என்பதில் டிக் இருந்தது, அதைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாக இருந்தேன். அதற்குக் கீழே, 'அதிகபட்சம் 14 நாட்கள்' என்ற வரியிலும் டிக் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. அக்டோபர் 5-ல் இருந்து 14 நாள் எண்ணினால் 19. நாள் தவறாமல் அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

கடிதங்கள் கம்ப்யூட்டரில் இருந்ததால் மீட்க முடிந்தது. முதலில் 'புதிய மெயிலைத் தேடு' என்ற தானியங்கி அமைப்பை அணைத்தேன், மேற்கொண்டு எதுவும் அழியாதிருக்க. தண்டர்பேர்டின் தரவு இருக்கும் மறைவான கோப்புறையை அப்படியே பென்டிரைவில் நகல் எடுத்தேன். கடவுச்சொல்லை மாற்றியதால் மெயில் மென்பொருளுக்கென்று முன்பு உண்டாக்கிய செயலிக் கடவுச்சொல் செல்லாமல் போயிருந்தது, புதிதாக ஒன்று எடுத்தேன். பிறகு அதே முகவரியை ஐமேப் கணக்காக, 993 போர்ட்டில் இரண்டாவது தடவை சேர்த்தேன். இப்போது இடதுபுறம் இரண்டு இன்பாக்ஸ். ஒன்றில் எல்லாக் கடிதமும், மற்றதில் ஒன்றும் இல்லை. அங்கிருந்து இங்கே நகலெடுக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்து இழுத்தபோது பாதியில் நின்றுபோனது. நூறு நூறாக இழுத்தேன். தீபாவளி அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அப்பாவின் போனில் 2004-ஆம் வருடக் கடிதம் வரை திரும்ப வந்திருந்தது, தேதிகளும் மாறாமல். எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே பழைய பாப்3 கணக்கை நீக்கினேன்.

அந்தப் பழைய கடிதங்களில் சில, மேலே புள்ளியும் கோடும் வைத்த ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. கெட்டுப்போகவில்லை. யூனிகோட் பரவுவதற்கு முன் எழுதப்பட்ட டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு எழுத்துகள் அவை. எழுத்துரு மாற்றி ஒன்றில் ஒட்டியதும் தமிழாகிவிட்டன. இறந்துபோன ஒரு நண்பர் 2005 பொங்கலுக்கு எழுதிய வாழ்த்து அதில் இருந்தது. அப்பா அதைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நாலைந்து தடவை படித்தார்.

தமிழில் பதில் எழுத, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை போட்டேன். விசைகளின் மேல் எழுத்து ஒட்ட ஸ்டிக்கர் தேடினேன், நல்லது கிடைக்கவில்லை. படத்தை அச்செடுத்து மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அதில் அவர் வேகம் மெதுவாகத்தான் கூடுகிறது, அவருக்கு அவசரமும் இல்லை.

ஓய்வூதியர்களைக் குறிவைத்து வரும் மோசடி மெயில்தான் எனக்கு மிச்சமிருந்த பயம். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கும் நேரம் என்பதால், பென்ஷன் நின்றுவிடும் என்று மிரட்டும் கடிதங்களை அவர் நம்பிவிடக்கூடும். தண்டர்பேர்டில் அனுப்புநரின் முழு முகவரியும் எப்போதும் தெரியும்படி வைத்தேன். வங்கியின் பெயரைப் போட்டுக்கொண்டு பின்னால் சம்பந்தமில்லாத முகவரி இருந்தால் அவரே கண்டுகொள்கிறார். நாற்பது வருடம் உறையின் மேல் முத்திரையைப் பார்த்தே எந்த ஊர்க் கடிதம் என்று சொன்னவருக்கு இது இயல்பாகவே வந்துவிட்டது. வெளிப்படங்கள் தானாக இறங்காமல் தடுப்பது இயல்பாகவே இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ விசைப்பலகைப் படத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தோம்.

பெரியவளுக்கு 13 முடிந்துவிட்டதால் அவளுக்கும் ஒரு முகவரி தொடங்கினோம், மீட்பு எண் என்னுடையது. அவள் கணக்கில் எடுத்தவுடன் ஐமேப்தான்.

மறுபடி செய்தால்

1.1.1.3-க்குப் பதிலாக, விடுவிப்புப் பட்டியல் வைத்துக்கொள்ள முடிகிற டிஎன்எஸ் சேவையில் தொடங்குவேன். நெக்ஸ்ட்டிஎன்எஸ்ஸில் மாதம் 3,00,000 கேள்விகள் வரை இலவசம். பாதுகாப்பான தேடலையும் யூடியூப் கட்டுப்பாட்டையும் அங்கேயே சொடுக்கிவிடலாம், ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொட வேண்டியதில்லை. மருத்துவத் தளம் மாதிரி ஒன்று மாட்டினால் பெயரை எழுதித் திறந்துவிடலாம். ஆனால் வீட்டில் யார் எதைப் பார்த்தார்கள் என்ற பதிவு அந்தக் கணக்கில் சேரும். அதை அணைத்து வைப்பேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை உடம்பைப் பற்றி என்ன படித்தாள் என்று நான் வரி வரியாகப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

மெயிலில் முதலில் நகல், பிறகுதான் அமைப்பு. இப்போது மாதம் முதல் ஞாயிறு அன்று தண்டர்பேர்டு கோப்புறையைப் பென்டிரைவில் எடுக்கிறேன், ஆறு நிமிடம் ஆகிறது.

ஓர் ஓட்டை இன்னும் இருக்கிறது. என் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி இணையத்தைப் பகிர்ந்தால் கம்ப்யூட்டர் அதைப் புதிய இணைப்பாக எடுத்துக்கொண்டு, போன் சொல்லும் டிஎன்எஸ்ஸைப் பிடித்துக்கொள்கிறது. நான் எழுதிய நான்கு எண்கள் ரவுட்டர் இணைப்புக்கு மட்டும்தான். ரிசால்வ்டி.கான்ஃப் கோப்பில் எல்லா இணைப்புக்கும் பொதுவாக எழுதலாம் என்று தெரிகிறது. அரையாண்டு விடுமுறையில், பெரியவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்து பார்க்க வேண்டும். அதுவரை கேபிள் என் அலமாரியில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும்.